சத்வாவில் குடியிருக்கும் மணிலா

துபாயில் ஏதாவது ஒரு ஹோட்டலுக்குள் இரவு பத்து மணிக்கு மேல் நுழைந்து பாருங்கள். மேடையில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். முன்னால் இரண்டு பெண்கள் பாடுவார்கள். பின்னால் கீபோர்டு, கிடார், பேஸ், டிரம்ஸ். விட்னி ஹூஸ்டன் பாட்டு முடிந்த கையோடு ஓர் அரபிப் பாட்டு வரும். அது அடங்குவதற்குள் ஏதோ ஒரு மேசையிலிருந்து சீட்டு போகும். உடனே ஓர் இந்திப் பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இசைத்தட்டு ஓடுகிறது என்றே நினைப்பீர்கள். பாடுகிறவர்கள் யார் என்று விசாரித்தால், பெரும்பாலும் பிலிப்பைன்ஸ்காரர்கள் என்ற பதில்தான் கிடைக்கும். தோஹாவிலும் மனாமாவிலும் இதே கதைதான். ஹாங்காங், சிங்கப்பூர், பாங்காக் ஹோட்டல்களிலும், கடலில் மிதக்கும் சொகுசுக் கப்பல்களிலும்கூட இதே கதைதான்.

ஒரு நாட்டின் பாடகர்கள் எப்படி ஆசியாவின் இரவு மேடைகளை எல்லாம் பிடித்தார்கள்? வளைகுடாத் தமிழர்களிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: “அவங்களுக்குப் பிறவியிலேயே குரல் வளம் சார்.” பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பாராட்டில் ஓர் அநியாயம் ஒளிந்திருக்கிறது. நானூறு ஆண்டுப் பயிற்சியையும், ஓர் அரசாங்கமே போட்ட கணக்கையும், பல லட்சம் குடும்பங்களின் பிரிவையும் ‘பிறவி’ என்ற ஒற்றைச் சொல்லில் அது கரைத்துவிடுகிறது. அந்த உழைப்பின் கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சொல்வதற்குப் பொருத்தமான இடம் சத்வா.

ஷேக் சயீத் சாலையின் கண்ணாடிக் கோபுரங்களுக்கும் ஜுமைராவின் பங்களாக்களுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட பழைய குடியிருப்பு இது. தையல் கடைகள், துணிக் கடைகள், கார் சீட் தைக்கும் பட்டறைகள், செடி விற்கும் தெரு, 1978 முதல் நடக்கும் ராவி உணவகம் என்று கால்நடையாகச் சுற்றிவரக்கூடிய துபாய். முன்பு தியாஃபா தெரு என்றிருந்த கடைவீதி இப்போது டிசம்பர் 2 தெரு. 2008-இல் ‘ஜுமைரா கார்டன் சிட்டி’ என்ற பெருந்திட்டத்துக்காக இந்தப் பகுதியின் பழைய வீடுகள் பல இடிக்கப்பட்டன. உலகப் பொருளாதாரம் சரிந்ததில் திட்டம் நின்றுபோனது. சத்வா பிழைத்துக்கொண்டது.

அமீரகத்தில் பிலிப்பினோக்கள் சுமார் 7 லட்சம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. துபாயில் அவர்கள் வாழும் இடங்கள் கராமா, ரிக்கா, சத்வா. அதிலும் சத்வாவுக்கு ஒரு தனி வாசம் உண்டு. சலூன், கார்கோ கடை, அதோபோ மணக்கும் சிற்றுண்டிக் கடை என்று வரிசையாக வரும். கார்கோ கடை வாசலில் ஊருக்கு அனுப்பும் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். கடைக்காரர் மலையாளியோ, பட்டாணியோ, நம்மவரோ, யாராக இருந்தாலும் பிலிப்பினோ வாடிக்கையாளரை “கபாயன்” என்றுதான் கூப்பிடுவார். ‘நம்ம ஊர்க்காரர்’ என்று அவர்கள் தங்களுக்குள் அழைத்துக்கொள்ளும் வார்த்தையை ஊரே கடன் வாங்கிக்கொண்டது. மேடை உடுப்புக்கான ஜிகினாத் துணியும், அதை ஒரே நாளில் தைத்துத் தரும் டெய்லரும் இங்கேயே உண்டு. வில்லா அறைகளில் பெட் ஸ்பேஸ் எடுத்துத் தங்கியிருப்பவர்கள் விடுமுறை நாளில் வீடியோகே (கராயோகே) பெட்டியைப் போட்டுவிட்டால், சலூனில் முடி வெட்டும் பெண்ணும் கிடங்கில் பெட்டி தூக்கும் இளைஞரும் சுதி பிசகாமல் பாடுவார்கள். தமிழர்கள் சொக்கிப்போய் ‘பிறவி’ என்று முடிவு கட்டுவது அங்கேதான்.

மூங்கில் குழாயும் பித்தளை எக்காளமும்

ஸ்பானியர்கள் 1565-இல் பிலிப்பைன்ஸ் தீவுகளில் காலூன்றினார்கள். அதற்கு முன்பே அங்கே இசை இருந்தது. தெற்கே வெண்கலச் சேகண்டிகளை வரிசையாக அடுக்கி வாசிக்கும் குலின்தாங், வடக்கே மலைவாழ் இஃபுகாவோ மக்கள் அறுவடையிலும் சாவிலும் பாடும் ஹுட்ஹுட் காவியங்கள். துறவிகள் வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, கோயில் பூசைக்குப் பாட ஆள் சேர்த்தது. ஹுவான் தெ சாந்தா மார்த்தா என்ற பிரான்சிஸ்கன் துறவி 1606-இல் லகூனா மாகாணத்து லும்பான் ஊரில் 400 சிறுவர்களைக் கூட்டிவைத்துப் பாட்டும் வாத்தியமும் சொல்லிக்கொடுத்தார் என்கிறது வரலாறு. பயின்ற சிறுவர்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பிப் போய் அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நம் பக்கத்தில் பெரும்பாலானோர் எழுத்தே அறியாதிருந்த அந்த நூற்றாண்டில், அங்கே குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் மேலைநாட்டு இசைக் குறிப்பைப் பார்த்துப் பாடினார்கள்.

மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பின்யாஸ் ஊர்க் கோயிலில் ஓர் ஆர்கன் இருக்கிறது. தியேகோ செரா என்ற பங்குத்தந்தை 1824-இல் கட்டி முடித்தது. அதில் 1031 குழாய்கள். அவற்றில் 902 மூங்கில். உலோகம் கிடைப்பது அரிது, மூங்கிலோ எங்கும் உண்டு. 1970-களில் ஜெர்மனிக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட்டு மீண்டும் ஊர் சேர்த்தார்கள். இன்றும் ஒலிக்கிறது. பின்னாளில் பித்தளை வாங்க வசதியில்லாத ஊர்களும் மூங்கிலிலேயே பேண்டு வாத்தியம் செய்துகொண்டு திருவிழாக்களில் வாசித்தன. வந்த இசையை இருக்கிற பொருளில் செய்து பார்க்கும் இந்தத் துணிச்சல்தான் அந்த மக்களின் முதல் சொத்து என்பேன்.

1898-இல் எஜமானர்கள் மாறினார்கள். அமெரிக்கர்கள் வந்தார்கள். வால்டர் லவிங் என்ற கறுப்பின ராணுவ அதிகாரி பிலிப்பைன் கான்ஸ்டபுலரி பேண்டை உருவாக்கினார். 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்கு அந்தக் குழு போனது. கச்சேரி நடுவே விளக்குகள் அணைந்தன. லவிங் கைக்கோலில் வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நடத்த, ரோசினியின் ‘வில்லியம் டெல்’ முன்னிசையைக் கும்மிருட்டில் மனப்பாடமாக வாசித்து முடித்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள். அதே கண்காட்சியில்தான் இகோரோட் பழங்குடியினரைக் ‘காட்டுமிராண்டிகள்’ என்று வேலி கட்டிக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் மனிதக் காட்சிச்சாலை, மறுபக்கம் அமெரிக்கர்களே எழுந்து நின்று கைதட்டிய பேண்டு. இரண்டிலும் இருந்தது ஒரே நாட்டு மக்கள். 1909-இல் டாஃப்ட் அதிபராகப் பதவியேற்றபோது வாஷிங்டன் அணிவகுப்பில் வாசித்ததும் லவிங்கின் குழுதான்.

அமெரிக்கப் படைமுகாம்களும் நடன அரங்குகளும் அவர்களுக்கு ஜாஸ் கற்றுக்கொடுத்தன. 1920-களிலும் 30-களிலும் ஷாங்காய், ஹாங்காங், மலாயா நடன அரங்குகளில் பிலிப்பினோ வாத்தியக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பார்கள், ஆங்கிலத்தில் பாடுவார்கள், ஐரோப்பியரைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கிடைப்பார்கள். மூன்றாவது காரணத்தை மறைத்துவிட்டு முதல் இரண்டை மட்டும் பேசுவது நேர்மையாகாது. மலேசியத் தமிழர்களுக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஒரு பெயர், மலாயா வானொலி இசைக்குழுவை வளர்த்த அல்போன்சோ சோலியானோ. அவரும் பிலிப்பினோ இசைக் குடும்பத்துப் பிள்ளைதான்.

நமக்கும் இதே வாசல் திறந்தது. ஆனால் நாம் வேறு வழியில் போனோம். சென்னைக் கோட்டை பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதி நோட்டுஸ்வரம் ஆக்கினார். அவர் தம்பி பாலுசுவாமி வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். தஞ்சை சரபோஜி அரண்மனையில் மேலைநாட்டு பேண்டே இருந்தது. வந்ததை நம் இலக்கணத்துக்குள் இழுத்துக்கொண்டோம். நம் இசை வளர்ந்தது. பிலிப்பினோக்களைப் போல மேலை இசையை அதன் இலக்கணத்தோடே கற்றவர்கள் இந்தியாவில் கோவாக்காரர்கள். போர்த்துக்கீசியப் பங்குப் பள்ளிகளில் படித்த அந்தோணி கொன்சால்வஸ், செபாஸ்டியன் டிசோசா போன்றவர்கள் இல்லாமல் இந்தி சினிமாவின் பொற்காலப் பாடல்கள் இல்லை. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரின் சின்ன அறையில் இளையராஜா கற்றதும் அந்த மரபின் ஒரு கிளைதான். இப்படிப் பார்த்தால் சத்வா வீடியோகேயில் பாடும் பெண்ணும் நம் சினிமாப் பாட்டின் வயலின் வரிசையும் தூரத்துச் சொந்தங்கள்.

பாட்டும் ஒரு வேலை விசா

கோயிலும் படையும் கொடுத்த பயிற்சியை ஏற்றுமதிச் சரக்காக மாற்றியது அரசாங்கம். ஃபெர்டினாண்ட் மார்கோஸ் 1974-இல் கொண்டுவந்த தொழிலாளர் சட்டம், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதை அரசின் கொள்கையாகவே ஆக்கியது. எண்ணெய் விலை ஏறி வளைகுடா கட்டுமானத்தில் இறங்கிய நேரம் அது. கொத்தனார், நர்ஸ், மாலுமி வரிசையில் பாடகரும் சேர்ந்தார். ‘கலைஞர்’ என்று வெளிநாடு போக, தேர்வெழுதி அட்டை வாங்க வேண்டும் என்றுகூட ஒரு காலத்தில் விதி இருந்தது. அதிகம் பேர் போனது ஜப்பானுக்கு. 2004-இல் மட்டும் 80,000-க்கு மேற்பட்ட பிலிப்பினோக்கள் அங்கே கலைஞர் விசாவில் நுழைந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். பாட்டென்று சொல்லி மதுக்கூடங்களில் உட்காரவைக்கப்பட்டவர்கள் ஏராளம். ஆள் கடத்தல் குறித்துக் கண்டனங்கள் எழ, 2005-இல் ஜப்பான் விதிகளை இறுக்கியது. இரண்டே ஆண்டுகளில் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. கலையையும் தொழிலாளர் ஏற்றுமதியையும் ஒரே படிவத்தில் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

வளைகுடா மேடை வேறு மாதிரி. வாரத்தில் ஆறு இரவு; ஓர் இரவுக்கு மூன்று நான்கு சுற்று. நினைவில் நூற்றுக்கணக்கான பாட்டுகள் இருக்க வேண்டும். புதிதாக ஒரு பாட்டு உலகில் பிரபலமானால் அந்த வாரமே மேடைக்கு வர வேண்டும். இசைத்தட்டில் எப்படியோ அப்படியே, மூச்சு விடும் இடம்கூட மாறாமல் வாசிப்பதை பிலிப்பினோ வாத்தியக்காரர்கள் ‘பிளகாதோ’ என்பார்கள். நகல்தானே என்று நம்மில் பலர் உதடு பிதுக்குவதைக் கேட்டிருக்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே ராத்திரியில் ஃப்ரெடி மெர்குரியாகவும் செலின் டியோனாகவும் ஃபைரூஸாகவும் மாற, காது எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும்! மெல்லிசை மேடைகளில் எஸ்.பி.பி. குரலிலும் ஜானகி அம்மா குரலிலும் பாடி ஊர் ஊராகப் போன நம் ஆர்க்கெஸ்ட்ராக் கலைஞர்களைத் தெரிந்தவர்கள் அந்த உழைப்பைக் குறைவாகப் பேச மாட்டார்கள்.

சம்பளம் பாட்டுக்கு ஏற்ப வருகிறதா என்றால் இல்லை. ஏஜென்ட்டுகள் குரலைக் கேட்பதற்கு முன்பே புகைப்படத்தைக் கேட்கிறார்கள். பெண் பாடகருக்கு வயது ஏற ஏற ஒப்பந்தம் குறைகிறது. ரமலான் மாதத்தில் துபாய் ஹோட்டல்களில் நேரடி இசை நெடுங்காலம் நிறுத்தப்பட்டிருந்தது. தளர்வு வந்ததே அண்மை ஆண்டுகளில்தான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மேடைகள் மூடப்பட்டபோது, பாட்டைத் தவிர வேறு தொழில் தெரியாதவர்கள் பகிர்ந்து தங்கும் அறைகளில் முடங்கிக் கிடந்தார்கள். டேரா, பர் துபாய்ப் பக்கத்து மூன்று நட்சத்திர ஹோட்டல்களில் ஒரு தளத்தில் பிலிப்பினோ பேண்டு, இன்னொரு தளத்தில் தமிழ் மேடை, அடுத்ததில் மலையாள மேடை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தமிழ் மேடைக் கலைஞர்களின் நிலையும் இதுதான். அவர்களைப் பற்றி நம் பத்திரிகைகளும் அதிகம் எழுதியதில்லை.

அரங்கைத் தாண்டியவர்கள்

இந்தப் பரந்த அடித்தளத்திலிருந்துதான் உலகம் அறிந்த பெயர்கள் எழுந்தன. ‘மிஸ் சைகான்’ இசை நாடகத்துக்கு நாயகி தேடி லண்டன் தயாரிப்பாளர்கள் மணிலாவுக்கே வந்தார்கள். கிடைத்தவர் லியா சலோங்கா. 1989-இல் லண்டனில் நாடகம் அரங்கேறியபோது அவருக்கு 18 வயது. அடுத்த ஆண்டு ஆலிவியர் விருது. 1991-இல் டோனி விருது. டிஸ்னியின் ‘அலாதீன்’ படத்தில் ஜாஸ்மினுக்கும் ‘முலான்’ படத்தில் முலானுக்கும் பாட்டுக் குரல் கொடுத்தவர் அவர்தான். நம் வீட்டுக் குழந்தைகள் அவர் பெயர் தெரியாமலேயே அவர் குரலில் வளர்ந்தார்கள்.

ஆனால் ஹோட்டல் பாடகர்கள் தங்கள் கதையாகக் கொண்டாடுவது ஆர்னெல் பினேடாவை. 1967-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். மருத்துவச் செலவுக் கடனில் குடும்பம் சிதற, மணிலாவின் லுனேட்டா பூங்காவில் படுத்துறங்கினார். பழைய பாட்டில், காகிதம் பொறுக்கி விற்றார். 15 வயதில் ஒரு பேண்டில் சேர்ந்தார். பிறகு ஹாங்காங் மதுக்கூடங்களில் ஆண்டுக்கணக்காக மற்றவர் பாட்டுகளைப் பாடினார். 2007-இல் அவர் மணிலா மேடையில் பாடிய காட்சிகளை நண்பர் ஒருவர் யூடியூபில் ஏற்ற, புதுப் பாடகரைத் தேடிக்கொண்டிருந்த அமெரிக்காவின் ‘ஜர்னி’ ராக் குழுவின் கிடார் கலைஞர் நீல் ஷோன் அதைப் பார்த்தார். விசா நேர்காணலில் அதிகாரி நம்பாமல் ஒரு பாட்டுப் பாடிக் காட்டச் சொன்னாராம்; பாடினார், விசா கிடைத்தது. 2008-இல் அவர் குரலோடு வந்த ‘ரெவலேஷன்’ ஆல்பம் பத்து லட்சம் பிரதிகள் என்ற பிளாட்டின வரிசையைத் தொட்டது. பினேடாவின் வெற்றியில் என்னைத் தொடுவது அதிர்ஷ்டம் இல்லை. இருபத்தைந்து ஆண்டு ஹோட்டல் பாட்டு அவரை அந்த நாளுக்குத் தயாராக வைத்திருந்தது என்பதுதான்.

ரோஸ் ஃபொஸ்தானெஸ் கதையையும் சொல்லியாக வேண்டும். எகிப்திலும் லெபனானிலும் வீட்டுவேலை பார்த்து, பிறகு இஸ்ரேலில் முதியோர் பராமரிப்பாளராக இருந்த பெண். 2014 ஜனவரியில், 46 வயதைத் தாண்டியிருந்த நிலையில், அந்நாட்டு ‘எக்ஸ் ஃபேக்டர்’ போட்டியில் வென்றார். நாடே கைதட்டியது. ஆனால் அவர் விசா பராமரிப்பு வேலைக்கு மட்டுமே. பாடிச் சம்பாதிக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஊடகங்களில் பேச்சான பிறகுதான் அரசு இறங்கிவந்தது. வளைகுடாவில் விசாவில் எழுதிய ‘தொழில்’ என்ற ஒற்றை வரி ஒரு மனிதரை எப்படிக் கட்டிப்போடும் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ‘தி வாய்ஸ்’ போட்டியில் சொஃப்ரோனியோ வாஸ்கெஸ் வென்றார். பல் மருத்துவம் படித்த அவர் அமெரிக்காவில் பல் மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக வேலை பார்த்தவர். அந்தப் போட்டியில் வென்ற முதல் பிலிப்பினோ அவரே.

இத்தனை பெயர்களிலும் ஒரு குறை கண்ணில் படுகிறது. உலகம் இவர்களைக் கொண்டாடியது எல்லாம் ஆங்கிலப் பாட்டுக்காக. தகாலோக் மொழிப் பாட்டோடு உலகைச் சுற்றியவர் ஃப்ரெடி அகிலார். பெற்றோரை விட்டுப்போய்த் தடுமாறிய பிள்ளையைப் பற்றி அவர் எழுதி 1978-இல் வெளியிட்ட ‘அனாக்’ இருபதுக்கு மேற்பட்ட மொழிகளில் பாடப்பட்டது. 2025 மே மாதம் அவர் மறைந்தார். அவருக்கு முன்பே நிக்கனோர் அபெலார்டோ, பிரான்சிஸ்கோ சந்தியாகோ போன்றோர் ‘குந்திமான்’ என்ற காதல் பாட்டு வடிவத்தைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தியிருந்தார்கள். காலனிய ஆட்சியில் தாய்நாட்டை நேரடியாகப் பாட முடியாதபோது, காதலிக்குப் பாடுவதுபோல நாட்டுக்குப் பாடிய வடிவம் அது. இவ்வளவு வளம் உள்ளவர்களின் சொந்தப் பாட்டு துபாய் ஹோட்டல் மேடையில் அநேகமாக ஒலிப்பதே இல்லை. கேட்பார் இல்லை என்பதே காரணம்.

அந்தப் பாட்டு ஒலிக்கும் இடங்கள் வேறு. துபாயின் ஊத் மேத்தாவில் 1967 முதல் இருக்கும் புனித மரியாள் ஆலயத்தில் தமிழ்ப் பூசையும் உண்டு, தகாலோக் பூசையும் உண்டு. டிசம்பர் 16 முதல் ஒன்பது நாள் நடக்கும் ‘சிம்பாங் காபி’ வழிபாட்டுக்குப் பிலிப்பினோக்கள் ஆயிரக்கணக்கில் திரளுவார்கள். ஊரில் சேவல் கூவும் நேரத்தில் நடக்கும் பூசை. இங்கே வேலை நேரம் பார்த்து மாலையில் வைத்திருக்கிறார்கள். அங்கே நான்கு குரல்களில் ஊர்ப் பாட்டைப் பாடும் பாடகர் குழுவில் நிற்பவர்களுக்குக் கூலி இல்லை. லும்பானில் 1606-இல் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்னும் நடக்கிறது என்று அங்கே நின்று கேட்டால் புரியும்.

நாமும் அவர்களும் ஒரே லிஃப்ட்டில் ஏறி இறங்குகிறோம். ஒரே கார்கோ கடையில் பெட்டி கட்டுகிறோம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஒரே எக்ஸ்சேஞ்ச் வரிசையில் நிற்கிறோம். அவர்கள் பாட்டு மட்டும் நமக்கு அந்நியமாகவே இருக்கிறது. அடுத்த முறை ஹோட்டல் மேடைக்குச் சீட்டு அனுப்பும்போது, “உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள்” என்று எழுதிப் பாருங்கள். பாடி முடித்ததும் பாடியவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படியே கீழ்த் தளத்துத் தமிழ் மேடைக்கும் ஒருமுறை போய் வாருங்கள்.